கேபினட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா?

புதுக் கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். பென் டிரைவ் செருகக் கையைக் கொண்டு போனால் கேபினட்டில் சுருக்கென்று ஒரு ஷாக். செருப்புப் போட்டிருந்தால் தெரிவதில்லை. வெறுங்காலுடன் தரையில் நின்றால் தெரிகிறது. சர்வீஸ் செய்பவர் வந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிவிட்டுப் போகிறார். மறுநாளும் அதே ஷாக். பிறகு ஒரு நாள், டிவியுடன் இணைத்த எச்.டி.எம்.ஐ. போர்ட் போய்விடுகிறது. இவை தனித்தனிக் கோளாறுகள் போலத் தோன்றினாலும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அது கம்ப்யூட்டருக்குள் இல்லை, சுவரில் இருக்கிறது.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. கரண்டை 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வேலை. அந்த வேலையில் உண்டாகும் மின் இரைச்சல் வீட்டு ஒயரிங்கிற்குள் போகாமலிருக்க, கரண்ட் நுழையும் இடத்திலேயே ஒரு ஃபில்டர் வைத்திருப்பார்கள். அதில் இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்து கேபினட்டின் உலோகத்துக்கும், மற்றொன்று நியூட்ரலிலிருந்து அதே உலோகத்துக்கும் இணைக்கப்பட்டிருக்கும். இவற்றின் வழியே எப்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும். இது பழுது அல்ல, அமைப்பே அப்படித்தான்.

எர்த் சரியாக இருந்தால் கசியும் கரண்ட் எர்த் ஒயர் வழியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் முழுவதும் 230க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே, சுமார் 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிவது இதனால்தான். அந்தக் கெபாசிட்டர் 4,700 பிகோ ஃபாரட் என்றால் உங்கள் கை வழியே போவது ஒரு மில்லி ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். சுருக்கென்னும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

அப்படியானால் விட்டுவிடலாமா? கூடாது. அந்தச் சின்ன ஷாக் சொல்லும் செய்தி, உங்கள் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்பது. நாளை உள்ளே ஒரு பேஸ் ஒயர் கழன்று கேபினட்டில் பட்டால், முழு 230 வோல்ட்டும் அதில் நிற்கும். எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போகும் அல்லது எம்.சி.பி. விழும். இல்லாவிட்டால் எதுவும் விழாது. அடுத்துத் தொடுபவர் மீதுதான் பாயும். போர்ட்டுகள் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மிதக்கும் கேபினட்டையும், வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும் கேபிள் டிவி ஒயரையும் எச்.டி.எம்.ஐ. ஒயர் சேர்க்கும்போது, அந்த வித்தியாசம் முழுவதும் போர்ட் வழியே ஒரு கணம் பாய்கிறது. எனவே டிவியை இணைக்கும்போது இரண்டையும் அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

எங்கே தேடுவது?

சாஃப்ட்வேரில் பிழை தேடும்போது நாங்கள் செய்வதையே இங்கும் செய்யலாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. முதலில் ஸ்பைக் பஸ்டரை நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரின் மூன்று பின் பிளக்கை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். ஷாக் நின்றுவிட்டால் ஸ்பைக் பஸ்டர்தான் குற்றவாளி. மலிவான சிலவற்றில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் இணைப்பே இருக்காது. மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டர் போட்டிருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பெரிய பின்தான் எர்த். இடம் போதவில்லை என்பதற்காக அதை விலக்குவது நியாயமில்லை.

நேராகச் செருகியும் ஷாக் இருந்தால், அதே கம்ப்யூட்டரை வேறு அறையில் போட்டுப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் கோளாறு முதல் சாக்கெட்டில். எல்லா அறையிலும் உண்டென்றால் எர்த் லைனிலோ எர்த் குழியிலோ பிரச்னை.

அடுத்து மல்டிமீட்டர். இந்தச் சோதனையை எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேஸ்-எர்த் 100 அளவிலோ அதற்குக் கீழோ தள்ளாடினால் எர்த் இல்லை என்று அர்த்தம்.

இங்கே ஒரு மோசடியையும் சொல்ல வேண்டும். சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு துண்டு ஒயரால் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டு, "எர்த் கொடுத்தாச்சு சார்" என்று போய்விடுவார்கள். ஷாக் நின்றுவிடும், மீட்டரும் சரியாகக் காட்டும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் ஒயர் கழன்றால், உங்கள் கேபினட் நேரடியாக 230 வோல்ட்டுக்கு வந்துவிடும். கண்டுபிடிக்க வழி உண்டு. அதே லைனில் அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு அந்தச் சாக்கெட்டில் நியூட்ரல்-எர்த் வோல்ட்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். உண்மையான எர்த் என்றால் எண் சற்று ஏறும். அசையாமல் பூஜ்யமாகவே நின்றால் சாக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெயினை அணைத்த பிறகுதான்.

ஃபிரிட்ஜ் ஓடினால் ரீஸ்டார்ட் ஆகிறதா?

இது வேறு கதை. கரண்ட் அறுந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். சுமார் 16 மில்லி செகண்ட் வரை தாங்கும். அதைவிட நீண்ட இறக்கம் வந்தால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, பின் பழுப்பேறியிருந்தாலோ சாக்கெட்டில் லூஸ் கான்டாக்ட். சாக்கெட்டை மாற்றினாலே தீர்ந்துவிடும். யு.பி.எஸ். இருந்தும் அணைகிறதென்றால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் வயதைக் கேளுங்கள். இரண்டு மூன்று வருடம்தான் அதன் ஆயுள்.

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. ஒரு பல்ப் மங்கும்போது இன்னொன்று பளிச்சென்று எரிந்தாலோ, மின்விசிறி வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினாலோ மெயினை உடனே அணையுங்கள். நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். அப்போது வோல்ட்டேஜ் 400ஐ நெருங்கக்கூடும். கம்ப்யூட்டர், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விடும். பக்கத்து வீட்டிலும் இப்படியே என்றால் கோளாறு தெருக் கம்பத்தில் இருக்கலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் எந்நேரமும் சொல்லலாம்.

எர்த் சரிதான், ஆனால் கோடையில் மட்டும் ஷாக் அடிக்கிறது என்பவர்கள் எர்த் குழியைப் பாருங்கள். மண் காய்ந்தால் கரண்ட் இறங்க வழி குறையும். குழாய் வாயில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பும் கரியும் போட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் குழியைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அப்படியே மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு அழுத்துங்கள், ஏனென்றால் மொத்த வீடும் அணையும்.