உங்களுக்குத் தெரியுமா?

புகை கக்காத ரயில் சென்னைக்கு 1931-லேயே வந்துவிட்டது! நாடெங்கும் நிலக்கரி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டு மே 11 அன்று, சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது.

● அந்தமான் நிக்கோபார் தீவுகள் எதிலும் பயணிகள் ரயில் ஓடுவதில்லை. அந்தமானிலிருந்து கப்பலில் சென்னை வந்து இறங்குபவர்களுக்குத் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது அந்தப் பழைய மின்பாதையின் முதல் நிலையம், சென்னை கடற்கரை.

● புதிய வகை மின்ரயில்கள் பிரேக் பிடிக்கும்போதும் மின்சாரம் தயாரிக்கின்றன! வேகம் குறையும்போது மோட்டார்களே ஜெனரேட்டர்களாக மாறி, மேலே செல்லும் கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகின்றன. இப்படி மிச்சமான மின்சாரத்துக்காக 2007-ல் ஐ.நா.வின் கார்பன் குறைப்புத் திட்டத்தில் பதிவு பெற்றது டெல்லி மெட்ரோ. உலகிலேயே அந்தப் பதிவைப் பெற்ற முதல் ரயில் திட்டம் அதுதான்.

● அடுத்தது ஹைட்ரஜன். அதில் ஓடும் ரயில் பெட்டியைச் சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். எனும் ரயில் பெட்டித் தொழிற்சாலை 2025 ஜூலையில் வெற்றிகரமாகச் சோதித்தது. ஹரியானாவின் ஜிந்த்–சோனிபத் பாதைக்காக உருவான ரயில் அது. எரிபொருள் கலத்தில் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தருகின்றன; வெளியேறுவது நீராவி மட்டுமே. ஆனால் அந்த ஹைட்ரஜனை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதும் முக்கியம். நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து எடுத்தால், ரயிலில் இல்லாத புகை அனல்மின் நிலையத்தில் எழும்.