கோடுகள் பேசும் மொழி

திருநகரிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில் கப்பலூர் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்குள்ள லேத் பட்டறை ஒன்றினுள் நுழைந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். எந்திரத்தின் அருகே எண்ணெய்க் கறை படிந்த தாள் ஒன்று தொங்குகிறது. அதில் சில கட்டங்கள், சில வட்டங்கள், சில எண்கள். அதைப் பார்த்துத்தான் தொழிலாளி ஓர் இரும்புத் துண்டைக் கடைந்துகொண்டிருக்கிறார். படத்தை வரைந்தவர் கோவையில் இருக்கலாம், புனேயில் இருக்கலாம். இருவரும் சந்தித்ததே இல்லை. "இந்தத் துளை மறுபக்கம் வரை போக வேண்டுமா, பாதியில் நிற்க வேண்டுமா?" என்று கேட்பதற்கு அவர் அருகில் இல்லை. தாள்தான் விடை சொல்ல வேண்டும்.

விடையைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும்? சீவி எறிந்த இரும்பை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. பொருளும் வீண், உழைப்பும் வீண். இந்த நட்டத்தைத் தடுப்பவை கோடுகளே. தடித்த கோடு, மெல்லிய கோடு, விட்டுவிட்டுப் போகும் கோடு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. அந்த மொழியின் அரிச்சுவடியை இங்குக் காண்போம்.

ஒரு படம் போதாதா?

ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இருப்புப்பாதையின் படத்தைப் பாருங்கள். இணையான இரு தண்டவாளங்கள் தொலைவில் ஒன்று சேர்வதுபோல் தெரியும். கண்ணுக்கு அது இயல்பு; ஆனால் அதில் அளவுகோலை வைத்து அளக்க முடியாது. ஆகவேதான் பொறியாளர்கள் ஒரு பொருளை நேர்முன்னால் இருந்தும், நேர்மேலே இருந்தும், பக்கவாட்டில் இருந்தும் பார்த்துத் தனித்தனியே வரைகிறார்கள். இவை முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் எனப்படும்.

இம்முறைக்கு ஒழுங்கான கணித அடிப்படை தந்தவர் பிரான்சு நாட்டின் காஸ்பார் மோன்ழ் (1746–1818). அவர் எளிய வணிகரின் மகன். மெசியேர் நகரின் இராணுவப் பொறியியல் பள்ளியில் படம் வரைபவராகப் பணிக்குச் சேர்ந்தார். நீண்ட கணக்குகளால் தீர்மானிக்கப்பட்டு வந்த கோட்டை அமைப்பு ஒன்றை அவர் வடிவியலால் விரைவில் வரைந்து முடித்தார். இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்க முடியாதென்று மேலதிகாரி அதைப் பார்க்கவே முதலில் மறுத்தாராம்! பின்னர் அம்முறை இராணுவ இரகசியமாகக் காக்கப்பட்டது. 1795இல் பாரிசில் மோன்ழ் அதைப் பற்றி வெளிப்படையாக விரிவுரை ஆற்றினார்.

தீப்பெட்டியை உருட்டுங்கள்

இனி ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். படம் ஒட்டிய முகம் மேலே தெரியுமாறும், நீண்ட பக்கம் கிடையாக இருக்குமாறும் ஒரு தாளின் நடுவில் வையுங்கள். படமுள்ள முகத்தையே முன்முகம் என்போம். பெட்டியைச் சுற்றிக் கோடு இழுத்தால் முன்தோற்றம் கிடைத்துவிட்டது.

இப்போது பெட்டியை உங்களை நோக்கி ஒரு முறை உருட்டுங்கள். உங்களுக்கு அப்பால் இருந்த உரசும் பக்கம் இப்போது மேலே தெரிகிறது. அதுதான் மேல்தோற்றம், அது முன்தோற்றத்துக்குக் கீழே அமைகிறது. பெட்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வலப்புறம் உருட்டினால், இடது முனை மேலே வரும். இடப்பக்கத் தோற்றம் வலப்புறம் அமைகிறது. இதற்கு முதற்கோண முறை என்று பெயர்.

அட்டைப் பெட்டியைப் பிரித்து விரிப்பதுபோல், மேல்தோற்றத்தை மேலேயும் இடப்பக்கத் தோற்றத்தை இடப்புறமும் வைப்பது மூன்றாங்கோண முறை. அமெரிக்காவில் இதுவே வழக்கம். நம் நாட்டில் தொடக்கத்தில் மூன்றாங்கோண முறை பரிந்துரைக்கப்பட்டது. பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றாயிற்று. இந்தியத் தர நிறுவனம் 1988இல் பள்ளி, கல்லூரிகளுக்கென வெளியிட்ட எஸ்.பி. 46 என்னும் கையேடு முதற்கோண முறையைப் பரிந்துரைத்தது. முறையைக் காட்டும் குறி படத்தின் மூலையில் இருக்கும். அதைக் கவனிக்காமல் ஒரு முறையை மற்றொன்றாகப் படித்தால், செய்யும் பொருள் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் இடம்மாறி அமையக்கூடும்.

துளையா, குமிழா?

பெட்டியைக் கெட்டியான மரக்கட்டை என்று சற்று நேரம் நினைத்துக்கொள்ளுங்கள். முன்முகத்தில் ஒரு வட்டம் தெரிகிறது. அது என்ன? முழுவதும் ஊடுருவிய துளையாக இருக்கலாம். பாதியில் நின்ற துளையாக இருக்கலாம். ஒட்டிவைத்த நாணயமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் முன்தோற்றம் ஒன்றே!

கீழேயுள்ள மேல்தோற்றத்தைப் பாருங்கள். நாணயமானால், செவ்வகத்தின் கீழ்விளிம்பில் ஒரு சிறு புடைப்புத் தொடர்ச்சியான தடித்த கோட்டால் வரையப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் விளிம்புகள் எல்லாவற்றுக்கும் தொடர்ச்சியான தடித்த கோடுதான். துளையானால், செவ்வகத்தினுள் இரண்டு விட்டுவிட்டுப் போகும் கோடுகள் இருக்கும். அவை மறுவிளிம்பைத் தொட்டால் துளை ஊடுருவியது. நடுவில் நின்றால் துளையும் நடுவில் நின்றுவிட்டது. நாம் பட்டறையில் எழுப்பிய கேள்விக்கு விடை இந்த மறைகோடுகளில் இருக்கிறது.

மறைகோடு எந்திரங்களுக்கு மட்டும் உரியதன்று. திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாய் போன்ற நம் ஏரிகளை நினைத்துப் பாருங்கள். மடையின் நீர்வழி கரை மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். மேலிருந்து பார்ப்பவருக்குக் கரை மட்டுமே தெரியும். மேல்தோற்றப் படத்தில் மறைகோடு இல்லாவிட்டால், கரையைத் தோண்ட வருபவருக்கு அங்கே நீர்வழி இருப்பது எப்படித் தெரியும்?

காற்றில் நிற்கும் மையம்

துளையை எங்கே இடுவது? துளையின் நடுவிடம் வெறும் காற்று. வேலை தொடங்கும் முன்போ அங்கு வட்டமே இல்லை. தொழிலாளி முதலில் மையத்தைக் குறித்து, சென்டர் பஞ்சால் ஓர் அடி அடித்துக்கொள்கிறார். அம்மையத்தைச் சொல்வது மையக்கோடு. நீண்ட கீற்று, புள்ளி, நீண்ட கீற்று என்று அது மெல்லியதாகச் செல்லும். இரு மையக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நீண்ட கீற்றுகளே சந்திக்க வேண்டும்; இடைவெளி சந்தித்தால் மையம் எங்கே என்று தெரியாது.

அளவு காட்டும் கோடுகளும் அவற்றுக்காக விளிம்பிலிருந்து நீட்டப்படும் கோடுகளும் தொடர்ச்சியானவை, ஆனால் மெல்லியவை. அவை பொருளின் பகுதி அல்ல என்பதை அந்த மென்மையே உணர்த்துகிறது. தடித்த கோடு மெல்லிய கோட்டைப்போல் குறைந்தது இருமடங்கு தடிப்பாக இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். எல்லாக் கோடுகளையும் ஒரே அழுத்தத்தில் வரைந்தால், அளவுக்கோட்டை விளிம்பென்று மயங்க நேரிடும். மெல்லிய கோடுகளுக்கு 2எச் பென்சிலும், விளிம்புகளுக்கு எச்.பி. பென்சிலும் வைத்துக்கொண்டால் வேலை எளிது.

வெட்டிப் பார்த்தால்

உள்ளமைப்புச் சிக்கலாக இருந்தால் மறைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து குழப்பும். அப்போது பொருளைக் கற்பனையாக வெட்டிப் பார்க்கிறோம். தீப்பெட்டியைக் குறுக்கே பிளேடால் வெட்டினால், வெளிக்கூடு ஒரு சட்டம்போலவும், உள்தட்டு 'ப' வடிவிலும் தெரியும் அல்லவா? எங்கே வெட்டினோம் என்பதை முன்தோற்றத்தில் மெல்லிய கீற்று–புள்ளிக் கோடு காட்டும். அதன் இரு முனைகள் மட்டும் தடித்திருக்கும். எப்பக்கம் நோக்கிப் பார்க்கிறோம் என்பதை அம்புகள் காட்டும்.

வெட்டுப்பட்ட பரப்பை 45 பாகைச் சாய்வில் மெல்லிய கோடுகளால் நிரப்புவார்கள். பெட்டியைப் பல மடங்கு பெரிதாக வரைந்து பாருங்கள். கூட்டுக்கு ஒரு பக்கச் சாய்வும், தட்டுக்கு எதிர்ப்பக்கச் சாய்வும் தந்தால், இரண்டும் வேறுவேறு உறுப்புகள் என்பது உடனே விளங்கும்.

இனித் தட்டைப் பாதி இழுங்கள். நகரும் உறுப்பு எதுவரை வரும் என்று காட்ட, கீற்றுகளுக்கிடையே இரண்டு புள்ளிகள் வரும் மெல்லிய கோடு இருக்கிறது. பெட்டியின் அருகே அக்கோட்டைக் கண்டால், தட்டு அங்கேயே நிற்கவில்லை, அதுவரை வரக்கூடும் என்று பொருள். ஆழ்குழாய்க் கிணற்றுக் குழாய்போல் மிக நீண்ட பொருளானால், நடுப்பகுதியை விட்டுவிட்டு, விட்ட இடத்தைக் கையால் இழுத்த அலைக்கோட்டாலோ இடையிடையே நெளியும் நேர்க்கோட்டாலோ காட்டலாம்.

எந்தக் கோடு முந்தும்?

சில வேளைகளில் இரு கோடுகள் ஒரே இடத்தில் விழும். அப்போது கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கே முதலிடம். அடுத்து மறைகோடு, பிறகு வெட்டுத்தளக் கோடு, அதற்குப் பின்பே மையக்கோடு. காரணம் எளிது: விளிம்பு உண்மையில் பொருளில் இருப்பது, மையக்கோடோ நாம் நினைத்துக்கொள்வது.

கோட்டின் தடிப்புக்கும் வரிசை உண்டு: 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1.0, 1.4, 2.0 மில்லிமீட்டர். ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏன் இந்த விந்தையான எண்? ஏ1 தாளைப் பரப்பில் பாதியான ஏ2 தாளுக்குச் சுருக்கினால், நீளங்களும் இதே விகிதத்தில்தான் குறையும். 0.7 மி.மீ. கோடு 0.5 ஆகிவிடும், 0.5 மி.மீ. கோடு 0.35 ஆகிவிடும். படம் சுருங்கினாலும் கோடுகள் தர வரிசையை விட்டு விலகுவதில்லை!

இன்று கணினியே கோடுகளை வரைந்து தருகிறது. ஆனால் எந்தக் கோட்டை எங்கே இடுவது என்று சொல்ல வேண்டியவர் நாம்தான். தமிழில் படித்துவிட்டுத் தொழிற்பயிற்சி நிலையத்திலோ, பல்தொழில்நுட்பக் கல்லூரியிலோ, திருப்பரங்குன்றத்தில் 1957 முதல் நடந்துவரும் தியாகராசர் பொறியியற் கல்லூரி போன்ற இடங்களிலோ சேரும் மாணவர் பலருக்கு ஆங்கிலப் பாடநூல் அச்சம் தருகிறது. அவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ளட்டும். ஜெர்மனியிலிருந்து வந்த படத்திலும் மறைகோடு மறைகோடுதான். அதைப் படிக்க ஆங்கிலமும் வேண்டாம், ஜெர்மனும் வேண்டாம்.

இறுதியாக உங்களுக்கு ஒரு பயிற்சி. வீட்டிலுள்ள எவர்சில்வர் டம்ளர் ஒன்றின் முன்தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் வரையுங்கள். அடி குறுகிய டம்ளரானால், உட்புற அடித்தட்டின் வட்டம் மேலிருந்து தெரியும். வெளிப்புற அடிவிளிம்போ தெரியாது. எதற்கு எந்தக் கோடு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பிறகு அந்த டம்ளரைப் பார்த்திராத நண்பர் ஒருவரிடம் தாளை மட்டும் கொடுத்து, அதன் வடிவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். உங்களை ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் சரியாகச் சொல்லிவிட்டால், கோடுகளின் மொழி உங்களுக்குக் கைவந்துவிட்டது.