வெல்லமும் கணக்கில் வரும்

எங்கள் அலுவலகத்தில் காலை பதினொரு மணிக்குத் தேநீர் வரும்போது ஒரு சிறு விவாதமும் உடன் வரும். நண்பர் ஒருவர் சர்க்கரையை விட்டு வெல்லத்துக்கு மாறியவர். மற்றொருவர் தேன் கலந்த வெந்நீரே போதும் என்பவர். இன்னொருவர் பழுப்புச் சர்க்கரையைத் தம் மேசை இழுப்பறையில் வைத்திருப்பவர். நானும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெல்லத்தின் பக்கம் சேர்ந்தேன். தீங்கு செய்வது வெள்ளைச் சர்க்கரைதானே என்ற துணிவில், ஒரு கரண்டி இட்ட இடத்தில் இரண்டு கரண்டி வெல்லத்தூள் இட்டுக்கொண்டேன்.

அவ்வாண்டு உடற்பரிசோதனை அறிக்கையில், இரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு, டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராம் என்ற வரம்பைக் கடந்திருந்தது. "வெல்லம் கணக்கில் வராது என்று யார் சொன்னது?" என்று மருத்துவர் கேட்டார். கணக்கையே தொழிலாகக் கொண்ட எனக்கு அக்கேள்வி உறைத்தது. அதன் பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் பல, பொருள் இரண்டு

நாம் அன்றாடம் பயன்படுத்தும் சர்க்கரையின் வேதியியல் பெயர் சுக்ரோஸ். குளுக்கோஸ் ஒரு பாதி, ஃபிரக்டோஸ் மறு பாதி எனப் பிணைந்த பொருள் அது. சிறுகுடலில் இப்பிணைப்பு பிரிந்து இரண்டும் தனித்தனியே இரத்தத்தில் கலக்கின்றன. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றிலும் பெரும்பகுதி இதே சுக்ரோஸ்தான். தேனில் அது முன்பே பிரிந்த நிலையில் உள்ளது. ஏறத்தாழ 40 விழுக்காடு ஃபிரக்டோஸ், 30 விழுக்காடு குளுக்கோஸ், எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அமெரிக்கக் குளிர்பானங்களில் சேர்க்கப்படும் சோளப் பாகின் சர்க்கரையில் ஃபிரக்டோஸ் சுமார் 55 விழுக்காடு.

வெல்லத்தில் இரும்பு முதலிய தாதுக்கள் உண்டு என்பது உண்மையே. ஆயினும் ஒரு கோப்பைத் தேநீரில் இடும் அளவில் அவை மிகச் சொற்பம். இரும்புச் சத்துக்காக வெல்லத்தைக் கூட்டினால் சர்க்கரையும் உடன் கூடும். கீரையும் பயறும் அத்தேவையை வேறு தொல்லையின்றி நிறைவேற்றும்.

இரு வழிகள்

குளுக்கோஸை உடலின் எல்லா உயிரணுக்களும் பயன்படுத்தும். அது இரத்தத்தில் உயர்ந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசைகளும் கல்லீரலும் அதை எடுத்துக்கொண்டு, உடனடித் தேவை போக மிச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. இச்சேமிப்புக்கு வரம்பு உண்டு. உடல் முழுவதும் சேர்த்துச் சில நூறு கிராம்தான். அதற்கு மேற்பட்ட மிகை நாளடைவில் உடற்கொழுப்பைக் கூட்டும்.

ஃபிரக்டோஸின் வழி வேறு. சிறிதளவாயின் குடலிலேயே ஒரு பகுதி மாற்றம் பெறும். மிகுந்த அளவில் உண்டால் பெரும்பாலும் கல்லீரலே அதை ஏற்க வேண்டியிருக்கிறது. அது இரத்தச் சர்க்கரையை அதிகம் உயர்த்துவதில்லை. இன்சுலினையும் அதிகம் தூண்டுவதில்லை. இதனாலேயே ஒரு காலத்தில் நீரிழிவு நோயாளிகளுக்கு ஏற்ற இனிப்பு என்றுகூட அது கருதப்பட்டது.

சிக்கல் கல்லீரலுக்குள் தொடங்குகிறது. அங்கே குளுக்கோஸைச் சிதைக்கும் பாதையில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. ஆற்றல் போதுமான அளவு இருந்தால் அச்சாவடி வேகத்தைக் குறைத்துவிடும். ஃபிரக்டோஸோ அச்சாவடியைத் தாண்டிய இடத்தில் நுழைகிறது. எங்கள் தொழிலின் மொழியில் சொன்னால், மேலதிகாரியின் ஒப்புதலின்றியே பட்டுவாடா ஆகிவிடும் கடன் அது. ஒரே வேளையில் மிகுதியாக வந்து சேரும் ஃபிரக்டோஸின் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அக்கொழுப்பில் ஒரு பங்கு ட்ரைகிளிசரைடாக இரத்தத்தில் வெளியேறுகிறது. மற்றொரு பங்கு கல்லீரலிலேயே தங்குகிறது. உடன்விளைவாக யூரிக் அமிலமும் கூடுகிறது.

இதனைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. உடற்பருமன் மிகுந்தவர்களில் ஒரு சாராருக்குக் குளுக்கோஸ் பானமும் மறு சாராருக்கு ஃபிரக்டோஸ் பானமும் பத்து வாரங்கள் வழங்கப்பட்டன. அன்றாட ஆற்றல் தேவையில் நான்கில் ஒரு பங்கு அப்பானத்திலிருந்தே கிடைத்தது. இரு சாராருக்கும் எடை ஏறத்தாழ ஒரே அளவில் கூடியது. ஆனால் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்து படியும் கொழுப்பு ஃபிரக்டோஸ் அருந்தியவர்களிடமே குறிப்பிடத்தக்க அளவில் மிகுந்தது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறனும் அவர்களிடம் குறைந்தது. எடை பார்க்கும் கருவி மட்டும் முழுக் கணக்கையும் காட்டிவிடாது என்பது இதனால் விளங்கும்.

இதைக் கொண்டு பழங்களை ஒதுக்கிவிடலாகாது. முழுப்பழத்தில் ஃபிரக்டோஸ் அளவாகவும், நார்ச்சத்துடனும் நீருடனும் மெதுவாகவும் வந்து சேர்கிறது. பிழிந்தெடுத்த சாற்றுக்கு அச்சலுகை இல்லை. குளுக்கோஸ் தீங்கற்றது என்றும் முடிவு செய்யலாகாது. இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்துவது அதுவே.

எவ்வளவு போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து பெறும் ஆற்றல் மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் கூடுதல் நன்மை. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும். தேனும் பாகுகளும் பழச்சாறும் இக்கணக்கில் அடங்கும்.

ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 5 கிராம். நாளுக்கு நான்கு கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் 40 கிராம் ஆகிவிடுகிறது. 300 மில்லி குளிர்பானம் ஒன்றில் பெரும்பாலும் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். பொட்டலத்தின் ஊட்டச்சத்து அட்டவணையில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியையும், உட்பொருள் பட்டியலில் டெக்ஸ்ட்ரோஸ், திரவக் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் போன்ற பெயர்களையும் பாருங்கள். அனைத்தும் சர்க்கரையின் மறுபெயர்களே.

நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடனும், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதற்கு முந்தைய நிலையிலும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. முந்தைய நிலையில் உள்ளோரில் பலர் உணவாலும் நடையாலும் எடைக் குறைப்பாலும் நோய் வராமல் தடுத்துக்கொள்ள இயலும்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்குத் திடீரென இரத்தச் சர்க்கரை தாழ்ந்தால், விரைந்து உதவுவது குளுக்கோஸ். அப்போது தயங்கலாகாது. உணவில் பெரிய மாற்றம் செய்யுமுன் அவர்கள் மருத்துவரைக் கலந்துகொள்வது நன்று.

நான் இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தேன். முதல் சில நாள்கள் தேநீர் வெறுமையாகத் தோன்றியது. பிறகு அதன் மணமே போதுமானதாயிற்று. அடுத்த ஆண்டு அறிக்கையில் ட்ரைகிளிசரைடு வரம்புக்குள் வந்திருந்தது. மாலை நடையும் தொடங்கியிருந்ததால் முழுப் புகழையும் வெல்லக் குறைப்புக்கே தர இயலாது.

வாசகர்களும் ஒரு வாரம் முயன்று பார்க்கலாம். சர்க்கரை, வெல்லம், தேன் எதுவாயினும் ஒவ்வொரு கரண்டியையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி, ஞாயிறு மாலை கூட்டிப் பாருங்கள். எந்தக் கரண்டியைக் குறைக்கலாம் என்பதை அக்கூட்டுத்தொகையே காட்டிவிடும்.