ஓடையை நேராக்கினால் நிலம் மிஞ்சுமா?

வயலோரம் வளைந்து செல்லும் ஓடையை நேராக வெட்டிவிட்டால் வெள்ளம் விரைவில் வடியும், சாகுபடிக்கும் சிறிது நிலம் கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நேராக்கிய ஓடை, கிடைத்த நிலத்தைவிடக் கூடுதலான நிலத்தை அரித்துக்கொண்டு போவதுண்டு.

வளைவுகளை நீக்கினால் ஓடையின் நீளம் குறைந்து வாட்டம் கூடுகிறது. நீர் வேகமெடுத்து அடிமண்ணைப் பறிக்கிறது. படுகை தாழ்ந்ததும் கரை செங்குத்தாகிச் சரிகிறது. பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டமும் இறங்கக்கூடும்.

அமெரிக்கா கற்ற பாடம்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிஸ்ஸிமி ஆறு 103 மைல் தூரம் வளைந்து ஓடியது. வெள்ளத்தைத் தடுப்பதற்காக 1962 முதல் 1971 வரை அதை 56 மைல் நீள நேர் கால்வாயாக வெட்டினார்கள். இருபுறமும் இருந்த சதுப்பு நிலம் காய்ந்தது. நீர்ப்பறவைகள் பெரிதும் குறைந்தன. தவறு உணரப்பட்டு, 1999-ல் மீட்பு வேலை தொடங்கியது. கால்வாயில் 22 மைல் தூரம் மண்ணிட்டு மூடப்பட்டது. பழைய வளைவுகள் இணைக்கப்பட்டன. அழிந்துபோன பகுதிகள் மீண்டும் வெட்டப்பட்டன. வேலை முடிந்தது 2021-ல். வெட்டியது 9 ஆண்டுகளில். சரிசெய்ய ஆனது 22 ஆண்டுகள்!

கெடாத பகுதியே முன்மாதிரி

சிறிய ஓடைக்கும் இதே வழிதான். அதே ஓடையிலோ அருகிலோ கெடாமல் உள்ள பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்ணும் வாட்டமும் ஒத்திருப்பது அவசியம். மலையடிவார ஓடையின் அளவு சமவெளிக்குப் பொருந்தாது. கரை நிரம்ப நீர் ஓடும்போது உள்ள அகலம், ஆழம், வளைவுகளின் இடைவெளி ஆகியவற்றை அளந்து, சேதமான பகுதியை அதேபோல் அமைக்க வேண்டும்.

பொதுவாக ஒரு முழு வளைவின் நீளம் ஓடை அகலத்தைப்போல் 10 முதல் 14 மடங்கு இருக்கும். மடுவுக்கு மடு இடைவெளி 5 முதல் 7 மடங்கு. அதாவது 15 அடி அகல ஓடையில் 75 முதல் 105 அடிக்கு ஒரு மடு அமையும். மடு வளைவின் வெளிப்புறத்திலும், சரளை மேடு இரு வளைவுகளுக்கு இடையிலும் இருப்பதே இயல்பு.

கரைக்கு வேர்

வளைவின் வெளிக்கரையில்தான் அரிப்பு அதிகம். அங்கு கரையைச் சரிவாக்கி வெட்டிவேர், நொச்சி, நாணல் நடலாம். வெள்ளம் பரவி வடியக் கரையோரம் இடம் விடுவதும் அவசியம்.

ஓடைப் புறம்போக்கில் தனியொருவர் கைவைக்கக் கூடாது. ஒருவர் வெட்டினால் கீழேயுள்ளவர் வயல் பாதிக்கப்படும். மேல்மடை, கீழ்மடை விவசாயிகள் கூடிப் பேசி, அதிகாரிகளின் அனுமதியுடன் கோடையிலேயே வேலையை முடிப்பது நல்லது.