மூட்டையின் மேல் எழுதிய எச்சரிக்கை

1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இராக் நாட்டிற்கு வெளிநாடுகளிலிருந்து ஏறத்தாழ 95,000 டன் கோதுமையும் வாற்கோதுமையும் விதைக்கென வந்து சேர்ந்தன. மழை குறைந்து விளைச்சல் குன்றியிருந்தமையால், மிகுந்த மகசூல் தரும் மெக்ஸிகோ கோதுமை விதையை அந்நாட்டு அரசாங்கம் தருவித்திருந்தது. பூஞ்சாணம் தாக்காதிருக்கும் பொருட்டு அவ்விதை மீத்தைல் பாதரசக் கூட்டுப்பொருளால் நேர்த்தி செய்யப்பட்டிருந்தது. உண்ணும் தானியத்தினின்றும் அதை வேறுபடுத்திக் காட்டச் சிவப்பு நிறச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. மூட்டைகளின் மீது எச்சரிக்கை வாசகமும், மண்டையோடும் குறுக்கெலும்புகளும் கொண்ட நச்சுக் குறியும் காணப்பட்டன. இவ்வளவு இருந்தும், அடுத்த சில மாதங்களில் 6,530 பேர் நச்சுப் பாதிப்புடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் அங்கேயே இறந்தனர். அந்த விதையை மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டதே காரணம்.

எச்சரிக்கை இல்லாத குறையால் இக்கேடு நேரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாசகங்கள் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. படிக்க வேண்டியவர்களோ அரபு மொழியோ குர்து மொழியோ பேசும் கிராமவாசிகள். அவர்களில் பலர் எம்மொழியிலும் எழுத்தறிவு பெறாதவர்கள். மண்டையோட்டுக் குறி மொழி கடந்தது என்று கருதுவது வழக்கம். ஆயினும் அதுவும் ஒருவகை எழுத்தே. அதற்கு 'விஷம்' என்று பொருள் என்பதை எங்கேனும் ஒருவர் சொல்லிக் கேட்டிருந்தாலன்றி, அது வெறும் படமாகவே நின்றுவிடும். விதையைப் பெற்றுக்கொண்டவர்களிடம், அது நஞ்சு என அறிந்துகொண்டதாகக் கையொப்பமோ கைநாட்டோ வாங்கும் ஏற்பாடும் இருந்ததாகவும், அது எல்லா இடங்களிலும் கடைப்பிடிக்கப்படவில்லை என்றும் சொல்லப்படுகிறது. கைநாட்டு, பதிவேட்டை நிறைவு செய்யுமேயன்றி அறிவைப் புகட்டாது.

விதை பல இடங்களுக்கு விதைப்புப் பருவம் கடந்த பின்னரே வந்தது. நிலத்தில் முன்னரே விதைத்தாயிற்று. வீட்டிலோ தானியம் குறைவு. வாசலில் நல்ல கோதுமை மூட்டை நிற்கிறது. இந்நிலையில் குடியானவர் கண்ணை மூடிக்கொண்டு அதை உண்டுவிடவில்லை. தாம் அறிந்த வழியில் சோதித்தே பார்த்தனர். சிலர் தானியத்தைக் கோழிகளுக்கு இட்டுச் சில நாட்கள் காத்திருந்தனர். கோழிகளுக்கு ஒன்றும் நேரவில்லை. சிலர் நீரில் கழுவினர். சாயம் போயிற்று, சாயத்தோடு விஷமும் போயிற்று என்று கொண்டனர். சாயம் நீரில் கரையும். பாதரசம் தானியத்திலேயே தங்கிவிடும் என்பது கழுவியவருக்கு எவ்வாறு தெரியும்? நிறத்தையே நஞ்சின் அடையாளமாகக் காட்டியவர்கள், நிறம் நீங்கினால் படிப்பவர் என்ன நினைப்பார் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

கோழிச் சோதனை பொய்த்ததற்கும் காரணம் உண்டு. சாதாரண மனிதர் அறிந்த விஷம், உண்ட சில மணி நேரத்தில் வாந்தியாகவோ மயக்கமாகவோ வெளிப்படுவது. மீத்தைல் பாதரசம் அத்தகையதன்று. அது உடலில் சிறுகச் சிறுகச் சேர்ந்து நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. உண்ணத் தொடங்கிப் பல வாரங்கள் சென்ற பின்னரே கைகால்கள் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், பார்வை குறுகுதல் ஆகிய குறிகள் தோன்றுகின்றன. அவை தோன்றும்போது ஏற்பட்டுள்ள சேதம் பெரும்பாலும் மீளாதது. கருவுற்ற தாய்மார் உண்ட நஞ்சு கருவிலிருந்த குழந்தைகளின் மூளையையும் கெடுத்தது. 'இது விஷம்' என்ற சொல் அரபு மொழியிலேயே எழுதப்பட்டிருந்தாலும், 'உடனே தெரியாது, கழுவினாலும் போகாது' என்னும் இரண்டு செய்திகள் இல்லாதவரை எச்சரிக்கை பாதிதான். எழுதியவருக்கு அவை மிகச் சாதாரணமான செய்திகள்; ஆதலால் அவற்றை எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிராது. இதே நாட்டில் 1956லும் 1960லும் பாதரசம் கலந்த விதையால் இத்தகைய விபத்துகள் நிகழ்ந்திருந்தன என்பது இன்னும் வருந்தத்தக்கது.

இந்தியாவிலும் இவ்விஷயம் அயலானதன்று. 1958ல் கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர் 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971ல் அதற்குரிய விதிகளும் வந்தன. கொள்கலத்தின் மீது சாய்சதுரக் குறியிட்டு, அதன் கீழ்ப்பாதியில் நஞ்சின் கடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என வண்ணம் தீட்ட வேண்டும் என்பது விதி. சிவப்பு மிகக் கடிய நஞ்சு; பச்சை மற்றவற்றினும் கடுமை குறைந்தது. குறைந்தது என்பதற்குத் தீங்கற்றது என்று பொருளன்று. ஆனால் நம் நாட்டில் உணவுப் பொட்டலத்தின் மீதுள்ள பச்சைப் புள்ளி சைவ உணவைக் குறிக்கிறது. சாலையிலுள்ள பச்சை விளக்கு 'போகலாம்' என்கிறது. இவ்விரண்டையும் நாள்தோறும் காண்பவர் பச்சைச் சாய்சதுரத்தைக் கண்டு என்ன எண்ணுவார் என்பதைக் களப்பணியாளர் கேட்டே அறிய வேண்டும்.

கேட்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. அதிகாரி ஒருவர் "புரிந்ததா?" என்று வினவினால், மரியாதை கருதியேனும் "புரிந்தது ஐயா" என்ற விடையே வரும். வகுப்பறையிலும் நிலைமை வேறன்று. "இந்த டப்பாவை வீட்டில் எங்கே வைப்பீர்கள்? காலியான பின் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, அவரையே தம் சொற்களில் சொல்லச் செய்தால், காலி டப்பாவைக் கழுவி எண்ணெய் வைக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அது அப்போதே வெளிப்பட்டுவிடும்.

அயல்மொழிச் சொற்களைவிட, இருசாராரும் அறிந்த சொற்களே சில வேளைகளில் கூடுதலாக ஏமாற்றுகின்றன. வானிலை அறிக்கையை எடுத்துக்கொள்ளலாம். 'இயல்பான பருவமழை' என்று வானிலைத் துறை கூறுவது, ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் பெய்யும் மழை, நீண்டகாலச் சராசரியில் 96 முதல் 104 சதவீதத்திற்குள் இருப்பதையாகும். 1971 முதல் 2020 வரையிலான கணக்கின்படி அச்சராசரி 87 சென்டிமீட்டர். கிராமத்தில் அதைக் கேட்பவரோ தம் வயலுக்கு வழக்கமான மழை, வழக்கமான நாளில் வரும் என்று கொள்கிறார். நாட்டின் கணக்கு சரியாக இருக்கும்போதே ஒரு மாவட்டம் வறண்டு கிடக்கக் கூடும். அவ்வாறே 'கனமழை' என்பதற்கு 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை என்ற வரையறை உண்டு. மில்லிமீட்டரைச் சொல்வதோடு நில்லாமல், ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர் என்பதை ஆசிரியர் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டலாம். அக்கணக்கின்படி கனமழையின் கீழ் எல்லையே ஓர் ஏக்கர் நிலத்தில் 2,60,000 லிட்டருக்கு மேற்பட்ட நீராகும்.