படாத கால்

"பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்று ஒரு பழமொழி நம் நாட்டில் வெகு காலமாக வழங்கி வருகிறது. இதை முதலில் சொன்னவர் யாராயிருந்தாலும், அவர் ஒரு குடும்பஸ்தராய் இருந்திருக்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. இன்று நம் வீட்டில் மோட்டார் கெட்டுப் போகிறது. அவர் வீட்டில் ஏற்றம் முறிந்திருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு சங்கடம் வந்தால் அது தன் தம்பி தங்கைகளையும் கூட அழைத்துக் கொண்டு வரும் என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

ஆகவே, பழமொழியின் முற்பாதியைப் பூரணமாக ஒப்புக்கொள்கிறோம். பிற்பாதியை ஒப்புக்கொள்ள மட்டும் நமக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் சென்ற ஆனி மாதத்தில் நாம் பட்ட பாடு.

நாம் இருப்பது கும்பகோணத்தில். செய்வது உபாத்தியாயர் வேலை. எழுபது வயதைத் தாண்டிய தாயார், நமது சகதர்மிணி, கல்லூரியில் இடம் கிடைத்திருந்த பெண், பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன், நாம், ஆக வீட்டில் ஐந்து பேர்.

ஒரு வாரத்துக் கணக்கு

திங்கட்கிழமை காலை ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஒரு முறை உறுமிவிட்டு மௌனம் சாதித்தது. பழுது பார்க்க வந்தவர், "காயில் எரிஞ்சு போச்சு, சார். மூணு நாள் ஆகும்" என்று அதைக் கழற்றி எடுத்துக் கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழியில் ஸ்கூட்டரின் கிளச் ஒயர் அறுந்தது. வண்டியைத் தள்ளிக் கொண்டே போய்ச் சேர்ந்தபோது முதல் பாடவேளை முடிந்திருந்தது. தாமதமாக வரும் பையன்களை நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படியே அவர்கள் நம்மைப் பார்த்தார்கள்.

இவையெல்லாம் சிரித்து மறந்துவிடக் கூடியவை. புதன்கிழமை வந்தது அப்படிப்பட்டதல்ல. நமக்குச் சேர வேண்டிய சம்பள பாக்கியை நம்பித்தான் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஏற்பாடு செய்திருந்தோம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஒரு காரியாலயத்தில் யாரோ நமது பிறந்த தேதியில் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டதால், பில் திரும்பி வந்துவிட்டது. திருத்தி அனுப்பினால் அடுத்த மாதம் பணம் வரலாம் என்றார்கள். கல்லூரி அடுத்த மாதம் வரையில் காத்திருக்குமா?

அன்றிரவு நாம் யாரோடும் பேசவில்லை. பையன் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டான். "நாளைக்குக் கேள்" என்று சொல்லிவிட்டோம். சாம்பாரில் உப்புக் குறைவு என்று மட்டும் வாயைத் திறந்து சொன்னோம்.

இரும்பு வாளி

வியாழக்கிழமை விடியற்காலை. கொல்லைப்புறம் போகும் நடையில் இருட்டில் காலடி வைத்தோம். எதிரே இருந்த இரும்பு வாளியில் கட்டை விரல் மோதி நகம் பெயர்ந்துவிட்டது. பழமொழி அட்சரம் பிசகாமல் நிறைவேறியது! மூன்று நாளாக உள்ளே அடைத்து வைத்திருந்த கோபமெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"எந்த முட்டாள் இதை வழியிலே வைத்தது?" என்று கத்தினோம்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் மெதுவாக வந்தது.

"கால்ல பட்டுடுச்சாப்பா? நான்தாம்ப்பா வச்சேன். நீ குளிச்சிட்டுப் போகணுமேன்னு தெருக் குழாய்லேருந்து கொண்டாந்தேன். அங்கேருந்து தூக்க முடியலே, அதான் நடையிலேயே வச்சுட்டேன்."

எழுபது வயது கடந்தவள் இருட்டில் எழுந்து போய், குடம் குடமாகத் தண்ணீர் கொண்டு வந்து நிரப்பிய வாளி அது. நாம் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக் கொள்ள வழியில்லை. அம்மாவோ அதைக் காதில் போட்டுக் கொண்டதாகவே காட்டாமல், மஞ்சளைக் குழைத்து எடுத்துக் கொண்டு வந்தாள்.

அன்று மாலை நமது சகதர்மிணி ஒரு கவரை எதிரில் வைத்தாள். கட்டணத்துக்கு வேண்டிய பணம் இருந்தது. மாதாமாதம் கட்டி வந்த ஏலச் சீட்டை 3,000 ரூபாய் தள்ளி எடுத்திருக்கிறாள். அந்தச் சீட்டு எதற்காகப் போட்டது என்பது நமக்குத் தெரியும். மூன்று மாதமாகக் கடைவாய்ப் பல்லில் வலி. வேர்ச் சிகிச்சை செய்து மூடி போட வேண்டுமென்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

"பல்?" என்று கேட்டோம்.

"மறு பக்கத்துப் பல்லு நல்லாத்தானே இருக்கு? மென்னுக்கறேன்" என்றாள்.

எதை எண்ணுகிறோம்?

நேயர்களே, வீட்டுக்கு வீடு நடக்கும் சமாசாரந்தானே என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டுக்கு வீடு நடப்பதனால்தான் இதைச் சொல்கிறோம்.

1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் லாஸரஸ் என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நடுவயதுக்காரர்கள் 100 பேரிடம், அன்றாடத் தொல்லைகள் 117 அடங்கிய ஒரு பட்டியலைக் கொடுத்து, பத்து மாதம் மாதந்தோறும் கணக்கெடுத்தார்கள். மனிதரின் மன உபாதைகளை முன்கூட்டி அறிவதற்கு, வாழ்க்கையில் நேரும் பெரிய நிகழ்ச்சிகளைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகளே நல்ல அறிகுறி என்று கண்டார்கள். பெரிய துக்கத்துக்கு ஊரே வந்து ஆறுதல் சொல்கிறது. மோட்டார் கெட்டுப் போனதற்கு யார் துக்கம் விசாரிக்க வருகிறார்கள்?

2003-இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மக்கல்லோ என்ற இருவர் வேறொரு பரீட்சை செய்தார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரத்துக்கு ஒரு முறை, தாங்கள் நன்றி பாராட்டத் தக்கவற்றில் ஐந்து வரையில் எழுத வேண்டும். இன்னொரு பிரிவினர் தங்களுக்கு நேர்ந்த தொல்லைகளை எழுத வேண்டும். பத்து வாரம் இப்படி நடந்தது. நன்றியை எழுதியவர்கள், தொல்லையை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிகத் திருப்தி தெரிவித்தார்கள்.

நமது வாரத்திலும் இரண்டு ஜாபிதாக்கள் இருந்தன. மோட்டார், ஸ்கூட்டர், பில், கட்டை விரல் என்ற முதல் ஜாபிதாவை நாம் மனப்பாடமாக ஒப்பித்துக் கொண்டிருந்தோம். தெருக் குழாய்த் தண்ணீர், மஞ்சள் பற்று, சீட்டுப் பணம் என்ற இரண்டாவது ஜாபிதா பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்துப் படிக்கத்தான் ஆள் இல்லை.

கால் விஷயத்தையே பாருங்கள். ஒரு காலில் அடிபட்டால் நொண்டி நடக்கிறோம். நினைவெல்லாம் அடிபட்ட காலின் மேலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் உடம்பின் பாரம் முழுவதையும் தாங்குவது படாத கால். அதைப் பற்றி யாரும் ஒரு பழமொழி சொல்லக் காணோம். குடும்பம் என்பது அந்தப் படாத கால்தான். அது இருக்கிற வரையில் குடி கெடாது.

நன்றிக்கு நாவும் கையும்

ஆனால், படாத காலும் கால்தானே? அதற்கும் வலிக்கும். 2019-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிஷம். அந்த வேலையில் கை வைக்கும் ஆண்களோ நாலில் ஒருவர் அளவுக்குத்தான். மனத்துக்குள் நன்றி நிறைந்திருக்கிறது என்று சொல்லிக் கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பதில் என்ன பயன்?

திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலை இல்லறவியலில் வைத்தார். அதற்கு முந்திய அதிகாரம் இனியவை கூறல். எத்தனையோ வருஷம் பையன்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறோம். இந்த வரிசையின் பொருத்தம் இரும்பு வாளியில் கால் மோதிய பிறகுதான் நமக்குத் தெரிந்தது. பஸ் கண்டக்டருக்குச் சொல்லும் நன்றியை வீட்டில் சொன்னால் நம் வீடுகளில் சிரிப்பார்கள். போகட்டும், கடுஞ்சொல்லையாவது சொல்லாமல் இருக்கலாம். ஒரு குடத்தையாவது தூக்கலாம்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். "எதுக்குடா?" என்றாள். அடுத்த மாதம் பாக்கிப் பணம் வந்ததும் முதற்செலவு பல் வைத்தியருக்குத்தான் ஆயிற்று.

மூன்று நாள் என்று சொன்ன மோட்டார் எட்டு நாளைக்குப் பிறகே வந்தது. அதுவரையில் விடியற்காலை ஐந்து மணிக்குக் குடத்தை எடுத்துக் கொண்டு தெருக் குழாய்க்கு நாமே போனோம். முதல் நாள் அங்கே நின்ற எதிர் வீட்டு அம்மாள் நம்மைப் பார்த்துத் திடுக்கிட்டு, "என்ன சார், வீட்டிலே யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கவலையோடு விசாரித்தார்.

"எல்லோரும் சௌக்கியந்தான், அம்மா. அப்படியே இருக்கட்டும் என்றுதான்" என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றோம்.