வாக்கு என்னும் சொல்

வாயினால் வெளியிடுவதைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சொல், பேச்சு, மொழி, உரை, கூற்று, கிளவி என அடுக்கிக்கொண்டே போகலாம். இவை யாவும் ஒரு பொருளனவென்று நிகண்டு கற்ற சிறுவன் ஒப்புவிப்பான். ஆயினும் வழக்கிலே ஒன்று நிற்குமிடத்தில் மற்றொன்று நில்லாது. சபையில் நிகழ்த்துவது உரை. திண்ணையில் நிகழ்வது பேச்சு. கழறுதல் என்பதில் இடித்துரைக்கும் குறிப்பு உண்டு. சாற்றுதல் பலரறியச் செய்வது. விடை கூறுதலைத் தொல்காப்பியர் செப்பு என்றார். தெலுங்கரோ அச்சொல்லைப் பொதுவாகச் சொல்லுதலுக்கே வழங்குகின்றனர். இக்கூட்டத்திலே, வடமொழியினின்று வந்து நம் பாஷையில் வேரூன்றிவிட்ட ஒரு சொல்லைக் குறித்து இங்கே ஆராய விரும்புகிறோம். அது வாக்கு.

பேச்சு காற்றோடு போகும். வாக்கு சொன்னவனைப் பிணிக்கும். பெரியோர் மொழிந்ததை வாக்கு என்கிறோம்; தெய்வத்தின் பேரால் கூறப்படுவதும் வாக்கே. நீதிஸ்தலத்தில் கொடுப்பது வாக்குமூலம். ஒருவன் சொல் நாலு பேரிடத்தில் செல்லுமாயின் அவனுக்குச் செல்வாக்கு உண்டு என்கிறோம்; செல்லும் வாக்கே செல்வாக்கு. பணத்தையும் படாடோபத்தையும் செல்வாக்கென்று கருதுவோர் அப்பதத்தைப் பிரித்துப் பார்ப்பது நலம்.

எல்லாவற்றினும் முக்கியமானது சத்தியம் என்னும் பொருள். கைகேயிக்குக் கொடுத்த வாக்கினால் தசரதன் உயிரையே இழந்தான். அரிச்சந்திர நாடகத்தைச் சிறுவயதில் கண்ட மகாத்மா காந்தி, அது தம் உள்ளத்தை எவ்வளவு ஆட்கொண்டதென்பதைச் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். வாக்குத் தவறினவன் என்பதைக் காட்டிலும் கொடிய வசைமொழி நம் கிராமங்களில் அதிகமில்லை.

இப்படிப்பட்ட சொல்லையே தேர்தலில் பிரஜை தெரிவிக்கும் தீர்ப்புக்கும் நாம் பெயராக இட்டிருக்கிறோம். உத்தரமேரூர்ச் சாசனங்கள் கூறும் பத்தாம் நூற்றாண்டுக் குடவோலையைச் சிலர் இதற்கு மூலமாகக் காட்டுவர். அது குடத்திலிட்ட பெயர்களுள் ஒன்றை ஒரு பாலகன் எடுக்கும் திருவுளச்சீட்டு முறை. அங்கே பேசியது ஓலையே, பிரஜையன்று. ஆங்கிலத்து வோட்டு என்ற சொல்லோ, பிரதிக்கினை என்று பொருள்படும் லத்தீன் பதத்தினின்று பிறந்தது. ஆகவே நம்மவர் அறிந்தோ அறியாமலோ செய்த மொழிபெயர்ப்பு மூலத்தின் உயிரையே தொட்டுவிட்டது.

இந்த வாக்கு நமக்கு எளிதில் கிடைத்ததன்று. அந்நிய ஆட்சியின் 1919, 1935-ஆம் வருஷத்துச் சட்டங்கள் சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகளை வைத்து, ஜனங்களில் பெரும்பாலோரை ஊமைகளாக்கி வைத்திருந்தன. 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 326-ஆவது பிரிவே அத்தளையை அறுத்தது. 1951-52 பொதுத் தேர்தலில் 21 வயது நிரம்பிய கூலியாளும் ஜமீன்தாரும் சமமாகப் பேசினர். 1989-இல் அவ்வயது 18 ஆயிற்று. 2013-இல் உச்ச நீதிமன்றம், யாரையும் விரும்பவில்லை என்று பதிவு செய்யும் வசதியை அளித்தபோது, வாக்களிப்பதும் கருத்து வெளியிடும் சுதந்திரத்தைச் சார்ந்ததே என்று கூறிற்று. தமிழ்ச் சொல் அதை முன்னமே கூறிவிட்டது!

வாக்களித்தல் என்பதற்கு இரண்டு பொருள். மேடைமீது நிற்கும் அபேட்சகர் வாக்களிக்கிறார். சாவடிக்குச் செல்லும் பிரஜையும் வாக்களிக்கிறார். வாக்குக்கு வாக்கு என்பதே நியாயமான கொள்வினை கொடுப்பினை. அதனிடையே பணம் புகுந்த கதையைத் தமிழகம் நன்கறியும். பண விநியோகத்தின் காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளிலும், 2017-இல் ராதாகிருஷ்ணன் நகரிலும், 2019-இல் வேலூரிலும் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவமானம் நம்முடையதே.

கொடுப்போர் பணத்தோடு நிற்பதில்லை. குலதெய்வத்தின்மேல் ஆணையும் வாங்கிக்கொள்கின்றனர். வாக்குத் தவறலாகாது என்ற நம் ஜனங்களின் புராதன தர்மமே அவர்களைக் கட்டும் கயிறாகிறது. பணம் வாங்கிவிட்டோமே, மாற்றிப் போடுவது பாவமல்லவா என்று ஏழைத் தாய்மார் உண்மையாகவே அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தைப் பரிகசித்துப் பயனில்லை, பதில் சொல்லவேண்டும். ஊர்தோறும் செல்லும் தொண்டர்கள் இரண்டு விஷயங்களை எடுத்துரைக்கலாம். தேர்தல் லஞ்சத்தைக் கொடுப்பது மட்டுமன்று, பெறுவதும் குற்றம். ஆதலின் கை நீட்டாதிருப்பதே முதற் கடமை. அறியாமல் நீட்டிவிட்டவர்க்கோ, சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் செய்த உடன்படிக்கை செல்லாதென்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கூறுகிறது. செல்லாத வாக்கை மீறுவது வாக்குத் தவறுதலாகாது. சாவடியின் மறைவிலே அவர் யாருக்கு வாக்களித்தார் என்பதை அறிய எவனுக்கும் அதிகாரமில்லை.